சாமைத் தாளும் எருக்குழியும்: கொல்லிமலைச் சிறு பண்ணைகளின் வரவு செலவு

கொல்லிமலையில் ஒரு ஏக்கர் மரவள்ளி தரும் ரொக்கத்தையும் ஒரு ஏக்கர் சாமை தரும் ரொக்கத்தையும் நேருக்கு நேர் வைத்தால், விலை கவிழாத ஆண்டுகளில் மரவள்ளிதான் முந்தும். கிழங்குக்கு அடிவாரத்தில் ஆலை இருக்கிறது. வியாபாரி லாரியோடு வருகிறார். பணம் மொத்தமாகக் கைக்கு வருகிறது. சாமையைக் குத்திப் புடைக்க ஆள் வேண்டும், விற்கவும் இடம் தேட வேண்டும். 1970களுக்குப் பிறகு மலையின் சிறுதானிய நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம். ஆனால் இதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. சாமையை அறுத்தால் தாள் மிஞ்சும். தாளை மாடு தின்னும். சாணம் எருக்குழி வழியாக நிலத்துக்கே திரும்பும். கிழங்கு ஏற்றிப் போகும் லாரி எதையும் திருப்பிக் கொண்டுவருவதில்லை. பயிரையும் கால்நடையையும் சேர்த்து நடத்துவது சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகுமா என்ற கேள்விக்கு விடை, விடுபட்ட அந்த வரியை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொல்லிமலை. காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. சங்க இலக்கியம் வல்வில் ஓரியின் நாடாகப் பேசும் இந்த மலை இன்றும் வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என்று நாடுகளாகவே பிரிந்து கிடக்கிறது. மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழ் பேசுபவர்கள், கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள். பள்ளத்தில் நெல் வயல், மேட்டிலும் சரிவிலும் சிறுதானியமும் மரவள்ளியும், வீட்டை ஒட்டிய நிழலில் காப்பி, மிளகு, வாழை, பலா, அன்னாசி என்று ஒரே குடும்பத்தின் நிலம் பல தரத்தில் சிதறியிருக்கும். தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பே 0.75 ஹெக்டேர்தான் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. சிறு பண்ணை என்று இங்கே பேசுவது இரண்டு ஏக்கர் அளவிலான நிலத்தைத்தான்.

ஒரு பண்ணையின் இரண்டு தொழில்களுக்கு இடையே மூன்று வகை உறவு இருக்கலாம் என்று பண்ணை மேலாண்மைப் பாடநூல்கள் சொல்லும். ஒன்றுக்கு நிலமோ ஆளோ கொடுத்தால் மற்றதுக்குக் குறையும் என்றால் அது போட்டி உறவு. ஒன்று மற்றதைப் பாதிக்காமல், சும்மா கிடக்கும் வளத்தைப் பயன்படுத்தினால் துணை உறவு. ஒன்றின் விளைச்சல் கூடும்போது மற்றதன் விளைச்சலும் கூடினால் நிரப்பு உறவு. முற்றத்தில் சிந்திய தானியத்தையும் புழுபூச்சியையும் பொறுக்கித் தின்னும் நாலைந்து நாட்டுக்கோழிகள் துணைத் தொழில். சாமைத் தாள் தின்று எரு தரும் மாடு நிரப்புத் தொழில். அதே மாடு ஐந்து பத்தாகப் பெருகி, தீவனப்புல்லுக்கென்று நிலம் ஒதுக்க வேண்டிவந்தால் அது சாமைக்கும் காப்பிக்கும் போட்டியாகிவிடும். எத்தனையாவது மாட்டில் நிரப்பு போட்டியாக மாறுகிறது என்பதே பண்ணைக்குப் பண்ணை மாறும் உண்மையான கணக்கு. கலப்புப் பண்ணையை எப்போதும் நல்லதென்று புகழ்பவர்களும், பழங்காலத்து வழக்கம் என்று தள்ளுபவர்களும் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை.

எல்லையைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 200 கிலோ எடையுள்ள சிறிய மலைமாடு ஒன்று நாளுக்கு 5 கிலோ அளவு உலர்தீவனம் தின்னும். 10 கிலோ ஈரச் சாணம் போடும். பகலில் மேய்ச்சலுக்குப் போய்விடுவதால், கட்டுத்தறியில் விழும் பாதிதான் எருக்குழிக்கு வரும். கூளத்தோடு மட்கி, ஆண்டு முடிவில் ஒரு மாட்டுக்கு ஒரு டன் தொழு உரம் தேறினால் நல்ல பராமரிப்பு என்று கொள்ளலாம். மானாவாரிப் பயிர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது ஹெக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன். ஆக ஒரு ஏக்கருக்கு முறையாக எருவிட ஐந்து மாடு வேண்டும். அந்த ஐந்து மாடும் ஆண்டுக்கு 9 டன் உலர்தீவனம் தின்னும். ஒரு ஏக்கர் சாமையில் 800 கிலோ தாள் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கருக்கு எருவிட 11 ஏக்கருக்கு மேல் சாமைத் தாள் தேவை.

தாள் சாணமாகி, சாணம் மறுபடி தாளாகும் என்று துண்டுப் பிரசுரங்களில் வட்டம் போட்டுக் காட்டப்படும் சுழற்சி, இரண்டு ஏக்கர் பண்ணைக்குள் ஒருபோதும் மூடியதில்லை என்பதையே இந்த எண்கள் சொல்கின்றன. மீதித் தீவனம் எங்கிருந்து வந்தது? புறம்போக்கிலிருந்தும் தரிசிலிருந்தும் காட்டோரத்திலிருந்தும் வந்தது. பகலில் பொதுநிலத்தில் மேய்ந்து, இரவில் சொந்த நிலத்துப் பட்டியிலோ கொட்டகையிலோ அடையும் மாடு, காட்டின் சத்தை வயலுக்குச் சுமந்துவந்தது. கூலி வாங்காத சுமை அது. மலைப் பண்ணையின் வளம் அதன் வேலிக்கு வெளியே இருந்த நிலத்தின் தயவில் நின்றது. பொதுநிலம் சுருங்கும்போது மாடும் குறைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மேய்ச்சல் உரிமை இன்று சட்டப் பிரச்சினையும்கூட. 2006 வன உரிமைச் சட்டம் காட்டை நம்பி வாழும் சமூகங்களின் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அதைத் திருத்தியது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் மேய்ச்சல் நிற்கும்போது பண்ணைக்குள் வரும் சத்தும் நிற்கிறது என்பதை இந்த விவாதங்களில் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

மரவள்ளிக்குத் திரும்பினால், அதன் செலவு இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு டன் கிழங்கு மண்ணிலிருந்து சுமார் 3 கிலோ பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டு போகும். ஏக்கருக்கு 8 டன் கிழங்கு வெட்டினால் 24 கிலோ. இது ஏறத்தாழ 6 டன் தொழு உரத்தில் உள்ள அளவு. கிழங்கு நாமக்கல், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கிப் போகிறது. அங்கே மாவு பிரிந்த பிறகு மிஞ்சும் திப்பி சமவெளியின் மாட்டுத்தீவனத்தில் சேர்கிறது. மலையின் சத்து சமவெளி மாட்டின் சாணமாகிறது. போதாததற்கு, சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகி அடுத்த மழைக்கு ஓடுகிறது. கிழங்கின் மாவுச்சத்து அளவை, அதாவது ‘பாயின்டை’ப் பார்த்து விலை போடும் ஆலைக்கு இந்த இழப்பு எதுவும் தெரியாது. தெரிந்தாலும் அதன் கணக்கில் வராது.

மரவள்ளியில் கால்நடைக்கு மிஞ்சுவது இலைதான். அதிலும் ஒரு கண்டம் உண்டு. பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் உள்ள பொருள் வயிற்றில் சயனைடாக மாறும். பசியோடு மரவள்ளித் தோட்டத்தில் புகுந்த ஆடு வயிறு நிறையத் தின்றால் சில நிமிடங்களில் விழுந்துவிடும். நறுக்கி வெயிலில் காயவைத்தால் நஞ்சு பெருமளவு இறங்கி, புரதம் நிறைந்த நல்ல தீவனமாகும். ஆனால் காயவைக்க வெயிலும் களமும் ஆளும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கிக் கிடக்கும் மலையில் இது சொல்வதுபோல் எளிதல்ல.

இவ்வளவு தெரிந்தும் விவசாயி எருவை விட்டு உரமூட்டையை ஏன் நாடுகிறார்? விலைதான் காரணம். ஒரு டன் தொழு உரத்தில் ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்து இருக்கிறது. 11 கிலோ யூரியாவில் உள்ள அளவு அது. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால், அந்தத் தழைச்சத்தின் சந்தை மதிப்பு 65 ரூபாய். ஓராண்டு முழுக்க ஒரு மாட்டைக் கட்டிச் சாணம் அள்ளிச் சேர்த்த டன்னுக்கு 65 ரூபாய் என்றால் யார்தான் அள்ளுவார்? மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் சேர்த்தாலும் மதிப்பு சில நூறு ரூபாயைத் தாண்டாது. எருவின் உண்மையான பயன் வேறு: அது மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, அமில மண்ணின் கடுமையைக் குறைக்கிறது, சரிவில் மண்ணைக் கட்டிப்போடுகிறது. இவற்றுக்கு விலைப்பட்டியல் கிடையாது. யூரியாவுக்கு மானியம் கொட்டும் ஏற்பாடு கலப்புப் பண்ணையின் காலை வாரிவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

பயிரும் கால்நடையும் இப்படிப் பிரிவது உலகமெங்கும் நடந்ததுதான். பிரிவுக்கு முன், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்று நான்கு ஆண்டுச் சுழற்சி வந்தபோது, டர்னிப்பும் குளோவரும் கால்நடைக்குத் தீவனமாகி, தானிய விளைச்சலும் சேர்ந்து உயர்ந்தது. ஜெர்மனியின் ஓப்பாவில் 1913இல் காற்றிலிருந்து அமோனியா எடுக்கும் ஆலை ஓடத் தொடங்கிய பிறகு சாணத்தின் தேவை குறைந்தது. டிராக்டர் வந்ததும் எருதின் தேவையும் போயிற்று. பயிர் ஓரிடம், கால்நடை ஓரிடம் என்று பணக்கார நாடுகளில் விலகின. அந்த விலகலின் உச்சத்தைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். கொல்லிமலையிலிருந்து கீழே பார்த்தாலே போதும். நாமக்கல் முட்டைப் பண்ணைகள் வெளியூர் மக்காச்சோளத்தை வாங்கி, கோழிக்குப் போட்டு, முட்டையைக் கேரளம் வரை அனுப்புகின்றன. நிலமில்லாத கால்நடைத் தொழில் அது. குவியும் கோழி எருவை லாரியில் ஏற்றி வேறெங்கோ விற்க வேண்டியிருக்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு எதிரெதிர் பொருளாதாரங்கள். முட்டைப் பண்ணை ஒரே பொருளைப் பெருமளவில் செய்து செலவைக் குறைக்கிறது. மலைப் பண்ணையோ ஒரே வளத்தைப் பல பொருளுக்குப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கப் பார்க்கிறது. முதல் வழிக்கு மூலதனமும் சாலையும் சந்தையும் வேண்டும். இவை மூன்றும் இல்லாத இடங்களில் இரண்டாம் வழி இன்னும் நிற்கிறது.

மலையில் மாடு பாலுக்காக மட்டும் இருந்ததில்லை. உள்ளூர் மாடுகள் கறப்பது கொஞ்சம். உழவுக்கும், களத்தில் சாமைக்கதிர் மிதிக்கப் பிணையல் ஓட்டவும், எருவுக்குமே அவை இருந்தன. நிறையக் கறக்கும் கலப்பின மாட்டைக் கொண்டுவந்தால் பசுந்தீவனமும் புண்ணாக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டும். கறந்த பாலை அன்றன்றே விற்றாக வேண்டும். எழுபது வளைவு இறங்க வேண்டிய ஊரில் அன்றன்று விற்பது பெரிய நிபந்தனை. பால் பண்ணைத் தொழில் சமவெளியில் ஓடுவதுபோல் மலையில் ஓடாததற்குச் சோம்பல் காரணமல்ல.

கால்நடையின் இன்னொரு வேலை சேமிப்பு. கோழி சில்லறைக் காசு, ஆடு நூறு ரூபாய் நோட்டு, மாடு நிரந்தர வைப்பு. மருந்துச் செலவுக்குக் கோழி போகும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆடு போகும். கல்யாணம், வீடு என்றால்தான் மாடு சமவெளியின் புதன்சந்தை மாட்டுச் சந்தைக்கு இறங்கும். மரவள்ளிப் பணம் ஒன்பது பத்து மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்து, மொத்தமாகவே கரைந்துவிடும். ஆடு, வேண்டும்போது வேண்டிய அளவுக்கு உடைத்து எடுக்கக்கூடிய சொத்து. பராமரிப்பு நன்றாக இருந்தால் ஒரு பெட்டை ஆடு இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று ஈனும். அந்த வேகத்தில் பெருகும் சேமிப்புக் கணக்கு எந்த வங்கியிலும் இல்லை. நிலமில்லாதவர் அடுத்தவர் ஆட்டை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, குட்டியில் பங்கு எடுத்துச் சொந்த ஆடு சேர்ப்பது தமிழகக் கிராமங்களில் பழைய வழக்கம். இந்த வைப்பில் ஆபத்தும் உண்டு. ஆட்டுக்கொல்லி நோய் புகுந்தால் மந்தை சாயும். வெள்ளைக்கழிச்சல் ஒரு வாரத்தில் கோழியைத் துடைத்துவிடும். தடுப்பூசி போட ஆள் மலையேறி வந்தால் நட்டம் பெருமளவு தவிரும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனாலும் கடைசிக் கிராமத்தின் கொட்டகை வரை ஊசி மருந்து குளிர்ச்சி கெடாமல் போய்ச் சேர்வதில்தான் காரியம் நிற்கிறது.

பயிரும் கால்நடையும் சேர்ந்தால் ஆபத்து பங்கிடப்படும் என்பது பாதி உண்மை. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் சேலம், நாமக்கல் தோட்டங்களுக்குப் பரவியது. ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022 முதல் வெளியிட்டுத்தான் அதைக் கட்டுப்படுத்த முடிந்தது. அந்த இடைக்காலத்தில் மரவள்ளியை மட்டும் நம்பியவருக்கும் நாலு ஆடும் கொஞ்சம் மிளகும் வைத்திருந்தவருக்கும் அடி ஒரே அளவில் விழுந்திருக்க முடியாது. பூச்சிக்கு ஆட்டோடு பகையில்லை. வறட்சி அப்படியல்ல. பயிர் கருகும் ஆண்டிலேயே தீவனமும் தீரும், எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்கள், விலை சரியும். சேமிப்பு அவசரத்துக்கு உதவ வேண்டிய நேரத்தில்தான் அதன் மதிப்பு மிகக் குறைவாக இருக்கும்.

ஆகக் கடினமான கேள்வி உழைப்புக் கணக்கு. ஒரு மாட்டுக்குத் தீவனம் அறுக்க, தண்ணீர் காட்ட, சாணம் அள்ள நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 730 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக 91 நாள். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் 2024-25 கூலியான 319 ரூபாயில் பெருக்கினால் 29,000 ரூபாய். எந்த மலைமாட்டின் பாலும் எருவும் கன்றும் சேர்ந்து இவ்வளவு தராது. அனகோல், எட்டாங், கார்லன் ஆகிய மூவரும் உத்தரப்பிரதேசத் தரவுகளைக் கொண்டு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசியது. உழைப்புக்குச் சந்தைக் கூலி போட்டால் பசு மாட்டின் சராசரி ஆதாயம் மைனஸ் 64 சதவீதம். உழைப்பை இலவசம் என்று வைத்தாலும் மைனஸ் 6 சதவீதம். ஆந்திரத்தின் அனந்தபூர் தரவுகளைப் பல ஆண்டுகளுக்குப் பார்த்த அட்டனாசியோ, ஆக்ஸ்பர்க் இருவரும், வறட்சி ஆண்டில் நட்டமும் மழை ஆண்டில் லாபமும் வருகிறது, ஒரே ஆண்டை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்று பதில் சொன்னார்கள்.

கூலியில்லாத பொழுதில், வீட்டில் இருக்கும் பெரியவரோ பெண்களோ சிறுவர்களோ மேய்த்தார்கள் என்பதால்தான் மாடு கட்டுபடியானது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்; இளைஞர்கள் கூலிக்குச் சமவெளி இறங்குகிறார்கள். இரண்டு மாட்டுக்கும் ஒரு மேய்ப்பர், பத்து மாட்டுக்கும் ஒரு மேய்ப்பர். இரண்டோடு நிற்கும் வீட்டில் மாடு முதலில் விலகுகிறது. இதை வீழ்ச்சி என்று மட்டும் புலம்புவது நியாயமல்ல. மேய்க்கப் போயிருந்த பிள்ளை பள்ளிக்கூடம் போனது நல்ல செய்தி. ஆனால் எருக்குழி காலியானதும் அதே செய்தியின் இன்னொரு பக்கம்.

தானியத்தின் பக்கமிருந்து தொடங்கிய முயற்சி ஒன்று உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்பில் இறங்கியது. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை, சுண்டங்கிக் கேழ்வரகு, செந்தினை போன்ற நாட்டு ரகங்களுக்கு ஊர் விதை வங்கிகள் அமைந்தன. உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. மகளிர் குழுக்கள் மாவும் அரிசியுமாக்கிப் பொட்டலமிட்டு விற்றன. உரலில் குத்தும் வேலை குறைந்ததே இதில் பெரிய மாற்றம். சாமையைக் கைவிட்டதற்கு விலையைப் போலவே அந்த வேலையும் காரணம். கால்நடைக் கணக்கில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தானியத்தை மலையிலேயே அரைத்தால் தவிடும் மலையிலேயே தங்கி, கோழிக்கும் மாட்டுக்கும் போகும். முழுத் தானியமாக இறக்கினால் தவிடும் கூடவே இறங்கிவிடும். அரவை ஆலையை எங்கே வைப்பது என்ற சிறு முடிவு, தீவனம் எங்கே சேரும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. விதை தேர்விலும் அப்படித்தான்: தானியம் சற்றுக் குறைந்தாலும் நெடிய தாள் தரும் ரகத்தை மாடு வைத்திருப்பவர் விரும்புவார், மாடில்லாதவருக்கு அது பயனில்லை.

அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் கால்நடைப் பக்கமிருந்து வருகின்றன. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம் ஐந்து ஆண்டில் 60,000 கறவை மாடுகளையும், 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகளையும் விலையில்லாமல் தர இலக்கு வைத்தது. 2014-15இல் தொடங்கிய தேசிய நீடித்த வேளாண்மை இயக்கத்தில் மானாவாரிப் பகுதி மேம்பாடு என்ற பிரிவு, பயிரோடு கால்நடை, மரம், தீவனம் சேர்த்த ஒருங்கிணைந்த பண்ணையத்துக்கு மானியம் தரத் தொடங்கியது. விலங்கைக் கொடுப்பதைவிடத் தீவனத்துக்கு வழி செய்வது கடினம். மலையில் முதலில் தீர வேண்டியது இரண்டாவது. வெளியில் மேயவிட ஆளில்லாத, காட்டோரம் சுருங்கிய இன்றைய நிலையில், தீவனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் ஆட்டு வளர்ப்புதான் இரண்டு ஏக்கர் குடும்பத்துக்குப் பொருந்துகிறது. அதற்கான பொருள் மலையிலேயே இருக்கிறது. பலா இலை ஆட்டுக்குப் பிடித்த தீனி. மிளகுக்கொடி ஏற நடும் கல்யாண முருங்கையை ஆண்டுதோறும் கழித்துவிட வேண்டும். கழித்த தழை நல்ல தீவனம். வரப்பிலும் வேலியிலும் கிளிரிசிடியா, அகத்தி வைத்தால் பயிர் நிலம் குறையாது. இப்படி வளரும் ஆடு காப்பியோடும் மிளகோடும் நிலத்துக்குச் சண்டை போடுவதில்லை. அதன் புழுக்கை காப்பித் தூருக்கே போகும். ஐந்து ஆறு ஆடுகளுக்கு மேல் போனால் தழையும் போதாது, அறுக்க நேரமும் போதாது. மாட்டைப் பொறுத்தவரை, உழவுக்கு வாடகை டிராக்டர் ஏற முடியாத படிக்கட்டு வயல்களும் சரிவுகளும் இருக்கும் ஊர்களில் ஏரோட்ட ஒரு சோடி மாடு இன்னும் தேவைப்படுகிறது.